நாலு நிமிடச் சாட்சி

அந்த வீடியோ நாலு நிமிடமும் பன்னிரண்டு விநாடியும் ஓடியது. விடிந்ததிலிருந்து இந்திரகுமார் அதை மூன்று தடவை பார்த்துவிட்டான்.

இடுப்பளவு ஆற்றுத் தண்ணீரில் வெள்ளைச் சட்டையுடன் நிற்கிறாள் சுகந்தினி. தலைமுடியிலிருந்து நீர் சொட்டுகிறது. யாரோ ஒருவர் மைக்கை அவள் வாயருகே பிடித்திருக்கிறார். அவள் பேசுகிறாள்.

தங்கச்சி கெம்பஸில், பல்கலைக்கழகத்தில், கிறிஸ்தவ மாணவர் ஐக்கியத்துக்குப் போகிறாள் என்பது வீட்டுக்கு முன்பே தெரியும். விடுமுறைக்கு வந்ததும், பஜாரில் இருக்கும் சபையின் டியூஷன் வகுப்பில் தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பதும் தெரியும். "படிப்புதானே" என்று அம்மா புஷ்பவதி விட்டுவிட்டாள். ஞானஸ்நானம் எடுத்தது மட்டும் மூன்று மாதமாக யாருக்கும் தெரியாமல் இருந்தது.

இன்று வெள்ளிக்கிழமை. மாலை ஆறு மணிக்கு மாரியம்மன் கோயிலில் காப்புக் கட்டு. ஞாயிற்றுக்கிழமை திருவிழா. அப்பா செல்லத்துரை முதல் தடவையாகக் கரகம் எடுக்கிறார். மகளுக்குக் கெம்பஸ் கிடைத்தால் அவளைப் பால்குடம் எடுக்க வைப்பதாக அம்மா வைத்த நேர்த்தியும் இந்த வருடம்தான் தீர வேண்டும். பரீட்சை குறுக்கே வந்து இரண்டு வருடம் தள்ளிப்போன நேர்த்தி அது.

லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால் தண்ணீர்ப் பீலியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த தங்கச்சியிடம் அவன் ஃபோனை நீட்டினான்.

"இது என்னான்னு பாரு."

சுகந்தினி கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். பத்து விநாடிக்குள் அவள் முகம் வெளுத்துவிட்டது.

"இத யாரு போட்டா?"

"அதத்தான் நான் ஒங்கிட்ட கேக்குறேன்."

"எனக்குத் தெரியாதுண்ணே. எடுக்குறாங்கன்னு தெரியும். சபைக்குள்ள வச்சுக்கத்தான்னு நெனச்சேன். சத்தியமா."

"ஆறாயிரம் பேரு பாத்திருக்காங்க. எங் கூட்டாளி டிலக்ஷன் எனக்கு அனுப்புறான், 'ஒந் தங்கச்சி நல்லா பேசுது மச்சான்'ன்னு." இந்திரகுமார் குரலைத் தாழ்த்தினான். பக்கத்து வீட்டுக் கதவு திறந்திருந்தது. "நீ வேதக்காரியா, கிறிஸ்தவளா மாறினதக்கூட நான் பொறுத்துக்குவேன். ஒன்னோட மனசு. ஆனா அப்பாவப் பத்தி, அம்மாவப் பத்தி அப்படிப் பேச ஒனக்கு எப்படி வாய் வந்துச்சு?"

அவள் ஃபோனைத் திருப்பிக் கொடுத்தாள்.

"மூணு மணிக்கு கோயில் கமிட்டி ஆளுங்க ஒங்க சபை ஹோலுக்கு வாறாங்க. தலைவர் வேலுசாமியும் வாறாரு. அதுக்குள்ள அத எடுக்கச் சொல்லு. அப்பா காதுக்குப் போச்சுன்னா அவரு கரகம் தூக்க மாட்டாரு. மறுபடி போத்தலத்தான் தூக்குவாருன்னு ஒனக்கே தெரியும்."

அவன் தன் த்ரீவீல் ஆட்டோவைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான்.

* * *

லாபிர் முதலாளியின் துணிக்கடைக்கு மேல்மாடிதான் சபை கூடும் ஹோல். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆராதனை. மற்ற நாட்களில் பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகளுக்கு வகுப்பு. ஆளுக்குக் குடிக்க ஒரு சின்னப் பால் பக்கெட். பிறப்புப் பத்திரம் இல்லாதவர்களுக்கு படிவம் நிரப்புவதும், இரத்தினபுரி ஆஸ்பத்திரிக்குத் துணைக்குப் போவதும் இங்கிருந்துதான்.

எல்லாவற்றையும் பார்ப்பவள் சுதர்சினி. வரக்காப்பொலப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். பத்து வருடத்துக்கு முன் அதே கெம்பஸில், அதே ஐக்கியத்தில் இருந்தவள். முதல் வருடம் விரிவுரை ஒன்றும் விளங்காமல் அறைக்குள் அழுதுகொண்டு கிடந்த சுகந்தினியைத் தேடி வந்து பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் அந்த ஐக்கியத்துப் பிள்ளைகள்தான். டெங்கு வந்தபோது பதினொரு நாள் மாறி மாறிக் கஞ்சி கொண்டுவந்தார்கள். அவர்கள் ஜெபித்தபோது அவளுக்குள் ஏதோ ஒன்று அமைதியானது. அது பொய்யில்லை. இன்றைக்கும் பொய்யில்லை.

"அக்கா, அந்த வீடியோவ ஒடனே எடுக்கணும்."

சுதர்சினி வெள்ளைப் பலகையில் பின்னங்களை எழுதிக்கொண்டிருந்தாள். "பயப்படாத. சாட்சி சொன்னா எதிர்ப்பு வரத்தான் செய்யும்."

"எதிர்ப்புக்காக இல்லக்கா. என்னக் கேக்காமப் போட்டிருக்கீங்க."

சுதர்சினி மார்க்கரை மூடி வைத்தாள். "கொழும்புல உள்ள நம்ம சபை ஆளுங்கதான் போடுறாங்க. அனுப்பினது நான். ஒன்னக் கேட்டிருக்கணும். ஆனா சுகந்தினி, அதப் பாத்துட்டு ரெண்டு பிள்ளைங்க எங்கிட்ட பேசினாங்க. அவங்க வீட்லயும் அதே குடி, அதே அடி. அதுல நீ சொன்னது ஏதாவது பொய்யா?"

"பொய் இல்ல. ஆனா முழுசும் இல்ல."

ஞானஸ்நானத்துக்கு முந்திய அந்த நாள் அவளுக்கு நினைவிருந்தது. சாட்சியை மூன்று பகுதியாக எழுதிக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். முன்பு எப்படி இருந்தேன், இயேசுவை எப்படிச் சந்தித்தேன், இப்போது எப்படி இருக்கிறேன். முன்பு எவ்வளவு இருட்டோ, பின்பு அவ்வளவு வெளிச்சம். எழுத எழுத, வீட்டிலுள்ள நல்லது ஒவ்வொன்றாகத் தாளைவிட்டு வெளியே போனது. அவளேதான் வெட்டினாள். யாரும் சொல்லவில்லை.

சுதர்சினி கொழும்புக்கு அழைத்தாள். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடி அழைத்தாள். "கூட்டத்துல இருக்காங்க போல. மெசேஜ் போட்டிருக்கேன்."

இரண்டரைக்குப் பிள்ளைகள் வந்துவிட்டார்கள். இருபத்து மூன்று பேர். மூன்று மணிக்கு வருவதாக இருந்த கமிட்டி ஆட்கள் இரண்டே முக்காலுக்கே வந்தார்கள்.

படிக்கட்டில் செருப்புச் சத்தம். முதலில் வேலுசாமி, நெற்றி நிறையத் திருநீறு. அவருக்குப் பின்னால் டிலக்ஷனும் இன்னும் ஐந்தாறு இளவட்டங்களும். கடைசியில் யார் முகத்தையும் பார்க்காமல் இந்திரகுமார்.

கீழே எதிர்க்கடைக்காரர், என்ன தம்பி, பிரச்சினையா என்று சிங்களத்தில் குரல் கொடுத்தார். "மொகத மல்லி, ப்ரஷ்னயக்த?"

"நே அய்யே. கெதர வெடக்." வீட்டு விஷயம்தான் என்று இந்திரகுமார் சமாளித்தான்.

வேலுசாமி சத்தம் போடவில்லை. கதிரை ஒன்றை இழுத்து உட்கார்ந்தார்.

"டீச்சர், புள்ளைங்க படிக்கிறதுக்கு நாங்க எதிரி இல்ல. ஒண்ணு மட்டும் கேக்குறேன். வகுப்புக்கு முந்தி ஜெபம் பண்றீங்களா?"

"பண்றோம்."

"தாய் தகப்பன்கிட்ட கேட்டீங்களா?"

"வேணாம்னு சொல்ற பிள்ளைங்கள நாங்க கட்டாயப்படுத்துறதில்ல."

"எட்டு வயசுப் புள்ள, பால் பக்கெட்ட கையில வச்சிருக்கிற டீச்சர்கிட்ட வேணாம்னு சொல்லுமா?"

சுதர்சினியின் உதடு இறுகியது. "நாலு வருஷமா இந்தப் பிள்ளைங்களுக்கு சிங்களமும் கணக்கும் யாரு சொல்லிக் குடுத்தாங்க தலைவரே? கோயில் மண்டபம் பூட்டித்தானே கெடக்குது. அங்க ஒரு வகுப்பு வச்சீங்களா?"

வேலுசாமி தலையைக் குனிந்துகொண்டார். ஒரு நிமிடம் பேச்சு நேராகிவிடும் போலத்தான் இருந்தது. அதற்குள் டிலக்ஷன் முன்னால் வந்து ஃபோனை உயர்த்திப் பிடித்தான்.

"வகுப்புல என்னா சொல்லிக் குடுக்குறாங்கன்னு எல்லாரும் கேளுங்க!"

சத்தத்தை முழுவதும் கூட்டியிருந்தான். சுகந்தினியின் குரல் ஹோல் முழுக்க நிறைந்தது.

"எங்க அப்பா குடிச்சிட்டு வந்து அம்மாவ அடிப்பாரு. லயம் முழுக்கக் கேக்கும். அம்மா ஒரு கல்லுக்கு முன்னால விழுந்து அழுவாங்க. அவங்களுக்கு வேற ஒண்ணும் தெரியாது. எங்க வீட்ல வெளிச்சமே இருக்கல..."

"நிப்பாட்டு டிலக்ஷன்," என்றாள் சுகந்தினி.

அவன் நிறுத்தவில்லை. நிறுத்தாததற்குக் காரணம் அவளுக்கு அப்புறம்தான் புரிந்தது. அவன் படிக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

படிக்கட்டின் மேல்படியில் புஷ்பவதி நின்றாள். ரப்பர் பால் காய்ந்து வெள்ளைத் திட்டுகளாக ஒட்டிய பழைய சட்டை. தோட்டத்து ஸ்டோரில், வெட்டிய ரப்பர் பாலை நிறுக்கும் இடத்தில் யாரோ சொல்லியிருக்க வேண்டும். அப்படியே ஓடி வந்திருக்கிறாள். இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

அவள் நேரே வந்து டிலக்ஷன் கையிலிருந்த ஃபோனைப் பிடுங்கினாள். எப்படி நிறுத்துவது என்று அவளுக்குத் தெரியவில்லை. இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து அழுத்தினாள். மகளின் குரல் கைகளுக்குள்ளிருந்து கேட்டுக்கொண்டே இருந்தது. கடைசியில் மகனிடம் நீட்டினாள்.

"நிப்பாட்டு."

இந்திரகுமார் நிறுத்தினான்.

"தலைவரே, சாயங்காலம் கோயில்ல பேசிக்குவோம். சின்னப் புள்ளைங்க பயந்து போயிருக்கு. எறங்குங்க."

வேலுசாமி எழுந்தார். டிலக்ஷன் மட்டும் திரும்பிப் பார்த்து, "திங்கக்கெழம இந்த ஹோல் தொறந்திருக்கான்னு பாப்போம் டீச்சர்" என்றான். கீழேயிருந்து ஏறி வந்த லாபிர் முதலாளிக்கும் அது கேட்டது.

"டீச்சர், நல்ல காரியம்னுதான் எடம் தந்தேன்," என்றார் அவர். "எனக்குக் கீழ கட இருக்கு. யோசிச்சுச் சொல்லுங்க."

* * *

பஜாரிலிருந்து தோட்டத்துக்கு இரண்டு மைல். பஸ் ஒன்று தாண்டிப் போனது. புஷ்பவதி கை காட்டவில்லை. முன்னால் நடந்தாள். சுகந்தினி பின்னால்.

"அம்மா..."

முன்னால் போனவள் நடையை எட்டிப் போட்டாள்.

"அம்மா, நான் ஒங்களக் கேவலப்படுத்தணும்னு பேசலம்மா."

புஷ்பவதி நடந்துகொண்டேயிருந்தாள். அவள் திட்டியிருந்தால், நாலு அடி அடித்திருந்தால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது மகளுக்கு.

வீட்டில் செல்லத்துரை குளித்து, மஞ்சள் வேட்டி கட்டி, பாயில் உட்கார்ந்திருந்தார். கரகத்துக்கான விரதத்தில் பதினைந்து நாளாக ஒரு வேளைச் சோறு. கன்னம் ஒட்டிப் போயிருந்தது. செய்தி அவருக்கு முன்பே வந்துவிட்டது என்பது முகத்தில் தெரிந்தது.

"ஒன்னோட ஃபோன்ல இருக்கா?" என்றார்.

"அப்பா, வேணாம்பா."

"ஊரெல்லாம் பாத்துட்டாங்க. நான் மட்டும் பாக்கக் கூடாதா? போடு."

அவள் போட்டாள். வேறு வழி இருக்கவில்லை.

அவர் ஃபோனைக் கையில் வாங்கவில்லை. சற்றுத் தள்ளி இருந்தபடியே நாலு நிமிடமும் பன்னிரண்டு விநாடியும் பார்த்தார். அடித்ததைச் சொன்ன இடத்தில் ஒரு தடவை கண்ணை மூடித் திறந்தார். அடுப்படியில் புஷ்பவதி முதுகைக் காட்டியபடி நின்றாள்.

"அடிச்சேன்னு சொன்னது நெசம்தான்," என்றார் செல்லத்துரை. "அதுக்கு ஒன்ன நான் ஒண்ணும் சொல்ல முடியாது. நீ பாத்து வளந்தது."

சுகந்தினி அழத் தொடங்கினாள்.

"ஆனா நான் நிறுத்தி ரெண்டு வருஷமாச்சே. ஒரு சொட்டு தொட்டிருப்பனா? நீ லீவுக்கு வாறப்பவெல்லாம் பாத்தியே. அது ஏன் இதுல இல்ல?"

"அப்பா..."

"யாரு நிறுத்த வச்சான்னு சொல்ல வேண்டி வரும். அதனாலயா?"

அவர் கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அவளால் தலையை நிமிர்த்த முடியவில்லை. மாரியம்மன் கோயிலில், மாலை போட்டுக்கொண்டு, கை நடுங்க நடுங்க நாற்பது நாள் இருந்து அவர் குடியை விட்டார். அதைச் சொன்னால் அவளுடைய முன்பும் பின்பும் சரிவராது. அதனால் விட்டாள்.

"ஆமாப்பா," என்றாள்.

கோயில் பக்கமிருந்து தப்பு மேளச் சத்தம் கேட்டது. செல்லத்துரை எழுந்து துண்டைத் தோளில் போட்டார்.

"கமிட்டியில என்ன கேப்பாங்கன்னு தெரியும். நீ வாறதும் வராததும் ஒன்னோட இஷ்டம். பொய் மட்டும் சொல்லாத. எனக்காகவும் சொல்லாத."

* * *

கோயில் முன்றிலில் தோட்டமே கூடியிருந்தது. கரகச் செம்பு அலங்காரத்துடன் தயாராக இருந்தது. தட்டில் மஞ்சள் தோய்த்த காப்புக் கயிறுகள். காப்பு கட்டியவர் திருவிழா முடியும் வரை தோட்டத்து எல்லையைத் தாண்டக் கூடாது. அது பெரியவர்கள் காலத்திலிருந்து யாரும் மீறாத கட்டுப்பாடு.

பூசகர் செல்லத்துரையின் கையைப் பிடித்தபோது வேலுசாமி தடுத்தார்.

"கொஞ்சம் பொறுங்க. செல்லத்துரை, ஒன்னோட வீட்டு நேர்த்தி ஒண்ணு நிலுவையில இருக்கு. அதத் தீக்காம நீ கரகம் எடுக்கலாமான்னு நாலு பேரு கேக்குறாங்க. ஒம் மக பால்குடம் எடுக்குதா இல்லியா?"

தப்பு நின்றது. எல்லோரும் திரும்பினார்கள். சுகந்தினி பெண்கள் கூட்டத்திலிருந்து இரண்டு எட்டு முன்னால் வந்தாள்.

"நான் எடுக்க மாட்டேங்க."

முணுமுணுப்பு எழுந்தது.

"ஆத்தாவக் கேவலமா நெனச்சு இல்ல. நான் இப்ப இயேசுவ நம்புறேன். நம்பிக்கை இல்லாம தலையில பானைய வச்சுக்கிட்டு வந்தா அது ஒங்களயும் ஏமாத்துறது." அவள் மூச்சை இழுத்துக்கொண்டாள். "ஆனா அந்த வீடியோவுல நான் ஒண்ண மறைச்சுட்டேன். எங்க அப்பா குடிச்சது நெசம். நிறுத்தினதும் நெசம். இந்தக் கோயில்லதான் நிறுத்தினாரு. எங்க வீட்ல வெளிச்சம் இருக்கலன்னு சொன்னேன். ரெண்டு ஆளு மரப்பங்க ஒருத்தியா ரப்பர் பால் வெட்டி, முழங்கால் வீங்கி, என்னப் படிக்க வச்சது எங்க அம்மா. அவங்களுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொன்னேன். அது என்னோட தப்பு. அத ஆறாயிரம் பேருக்கும் சொல்லுவேன்."

செல்லத்துரை மகளைப் பார்க்கவில்லை. நீட்டிய கையை மடக்காமல் அப்படியே வைத்திருந்தார்.

"பேச்சு நல்லாத்தான் இருக்கு," என்றார் வேலுசாமி. அவர் குரலிலும் பழைய உறுதி இல்லை. "ஆனா நேர்த்தி? அத யாரு தீக்குறது?"

"வச்சவ நான்."

புஷ்பவதி. மாற்றுச் சேலை கட்டி, தலையில் தண்ணீர் சொட்டச் சொட்ட வந்து நின்றாள்.

"வச்சவ நான். எடுக்குறவளும் நானா இருந்துட்டுப் போறேன். ஆத்தா எம் புள்ளகிட்ட கேக்கல, நாந்தான் அவ பேரச் சொல்லி வச்சேன். அவருக்குக் கட்டுங்க சாமி. அப்புறம் எனக்கும் கட்டுங்க."

வேலுசாமி ஒரு கணம் தயங்கினார். பிறகு கையை அசைத்தார். தப்பு மறுபடி முழங்கியது. பூசகர் செல்லத்துரையின் மணிக்கட்டில் மஞ்சள் கயிற்றை மூன்று சுற்றுச் சுற்றி முடிச்சிட்டார். செல்லத்துரையின் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. துடைக்கவில்லை.

பூசகர் இரண்டாவது கயிற்றை எடுத்தார். புஷ்பவதி கையை நீட்டினாள்.

அப்போதுதான் சுகந்தினியின் ஃபோன் அதிர்ந்தது. சுதர்சினி அக்கா. கொழும்பிலிருந்து பதில் வந்திருக்கும் என்று நினைத்துக் காதில் வைத்தாள்.

"சுகந்தினி, ஹோல் கதவ ஒடச்சிருக்காங்க." சுதர்சினியின் குரல் நடுங்கியது. "கதிர, பலக எல்லாம் சுக்கு நூறா கெடக்கு. உள்ள ஒங்க அண்ணன் மட்டும் இருக்காரு. கையில ரத்தம். யாரு செஞ்சான்னு கேட்டா வாயே தொறக்க மாட்டேங்கிறாரு. லாபிர் முதலாளி பொலிசுக்கு ஃபோன் எடுத்துட்டாரு. நான் என்ன சொல்லட்டும் அவங்ககிட்ட?"

சுகந்தினி கூட்டத்தைத் துழாவினாள். இந்திரகுமார் இல்லை. டிலக்ஷனும் இல்லை.

"என்னா?" என்றார் செல்லத்துரை.

அவள் சொன்னாள். மறைக்கவில்லை.

அவர் இரண்டடி எடுத்து வைத்தார். மணிக்கட்டிலிருந்த மஞ்சள் கயிற்றைப் பார்த்தார். நின்றுவிட்டார். கட்டி ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அவர் பார்வை மனைவியிடம் போனது.

பூசகர் கயிற்றை அவள் மணிக்கட்டில் வைத்திருந்தார். இன்னும் சுற்றவில்லை.

"நல்ல நேரம் ஏழு மணி வரைக்கும்தாம்மா," என்றார் மெதுவாக. "விட்டா இந்த வருஷம் இல்ல."

ஆறு இருபது. பஜார் இரண்டு மைல். மகன் பொலிசில் அகப்பட்டால் ஏழு மணிக்கு யார் திரும்பி வருவது?

புஷ்பவதி சந்நிதியைப் பார்த்தாள். கையை இழுத்துக்கொண்டாள்.

பிறகு, இரண்டு மைல் நடையிலும் வீட்டிலும் ஒரு சொல்கூடப் பேசாதவள், மகள் பக்கம் திரும்பினாள்.

"செருப்பப் போட்டுக்க. சுருக்கா நடக்கணும்."